காற்றறிந்து கலம் செலுத்துதல்

நுழையும்முன்

கலம் செலுத்தும் கலை பெருங்கடலுக்கு மட்டும் உரியதன்று. கரையையொட்டிய கால்வாய்களுக்கும் உப்பங்கழிகளுக்கும் அது வேண்டும். இரு கரைகளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது காற்றைக் கண்டு அஞ்சுவது ஏன்? இவ்வினாவுக்குப் பக்கிங்காம் கால்வாய் விடை தருகிறது.

கரையோர நீர்வழி

கூடுவாஞ்சேரிக்குக் கிழக்கே, வண்டலூர்ச் சாலை சென்று சேரும் கேளம்பாக்கத்தைக் கடந்தால் பக்கிங்காம் கால்வாயைக் காணலாம். 1806ஆம் ஆண்டு சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கப்பட்ட இந்நீர்வழி, படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கப்பட்டது. 1876 – 78 பெரும்பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுடைய இவ்வழியில் நெல்லும் உப்பும் விறகும் படகுகளில் சென்றன. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் அப்படகுகளைச் செலுத்தினர்.

குறுக்கே வீசும் காற்று

வெயில் ஏற ஏற நிலம் நீரைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. கால்வாயோ வடக்குத் தெற்காகச் செல்கிறது. ஆகவே, கிழக்கிலிருந்து வரும் காற்று படகின் விலாப்புறத்தைத் தாக்குகிறது. ஆழம் குறைந்த நீருக்கேற்ற தட்டையான அடிப்பாகம் உடைய படகு, நீரைப் பற்றி நிற்க இயலாமல் பக்கவாட்டில் நழுவி மேற்குக் கரையில் மோதக்கூடும். கடலில் விலகிச் செல்ல இடமுண்டு; கால்வாயில் அவ்விடம் இல்லை.

இதனாலேயே, காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டிப் படகைச் செலுத்துதல் நலம். அக்கரையின் மணல்மேடும் சவுக்குத்தோப்பும் காற்றைத் தடுக்கும். படகு சற்று நழுவினாலும், எதிர்க்கரையை அடையுமுன் அதைத் திருப்பக் கால்வாயின் அகலம் முழுவதும் எஞ்சியிருக்கும்.

மறைவு முடியும் இடம்

எனினும், மறைவு எப்போதும் நீடிப்பதில்லை. முட்டுக்காட்டருகே கால்வாய் அகன்ற உப்பங்கழியைச் சேர்கிறது. தோப்பின் மறைவிலிருந்து வெளிப்படும் படகை அங்கே முழுக்காற்றும் ஒருங்கே தாக்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின்மீது அதன் விசை நான்கு மடங்காகும். பாயைப் பாதியாகக் குறைத்தாலும் முன்னிருந்ததைப்போல இருமடங்கு விசை எஞ்சும். எனவே, வெளியிடத்தை அடையுமுன்னரே பாயைச் சுருக்கிவிட வேண்டும்; அடைந்தபின் சுருக்க முனைவோர்க்குக் கையும் போதாது, காலமும் போதாது.

பாயின் கயிற்றை இறுகக் கட்டிவிடாமல் கையில் பிடித்திருத்தல் வேண்டும். படகு சாயத் தொடங்கியதும் கயிற்றைத் தளர்த்தினால் பாயிலிருந்து காற்று நீங்கும், படகு நிமிரும். சுமையைத் தாழ்வாக வைத்து, நகராதபடி கட்டுதல் வேண்டும். எவரும் எழுந்து நிற்றலாகாது. அலை உயர்ந்தால் படகின் விலாவைக் காட்டாமல், முன்பகுதியாகிய அணியத்தை அலைக்கு எதிரே திருப்ப வேண்டும். நங்கூரம் இடும்போது கயிற்றை நீரின் ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளமாக விட்டால்தான் அது தரையைப் பற்றும். படகு கவிழ நேரின், நீந்திக் கரையேற விரையாமல் படகையே பற்றிக்கொள்ளுதல் உயிர் காக்கும்.

நின்றறியும் துணிவு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இக்கரையைப் புயல்கள் தாக்குவதுண்டு. அந்நாள்களில் எந்தத் திறனும் போதாது. படகைக் கரையில் கட்டிவிட்டுக் காத்திருப்பதால் ஒருநாள் கூலி போகலாம். படகும் உயிரும் எஞ்சும். செலுத்தத் தெரிந்தவர் பலர். செலுத்தக்கூடாத பொழுதை அறிந்து நிற்பவரே முழுமையான கலஞ்செலுத்துநர் ஆவார்.

தெரிந்து தெளிவோம்

திசைக்கேற்பக் காற்றுக்குப் பெயரிட்டனர் தமிழர். வடக்கிலிருந்து வீசுவது வாடை. தெற்கிலிருந்து வீசுவது தென்றல். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கிலிருந்து வீசுவது கோடை.