வேண்டா மடல்

நாள்தோறும் மின்னஞ்சற் பெட்டியைத் திறப்போர் யாவரும் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. கேளாத கடனுக்கு அழைப்பு, வாங்காத சீட்டுக்குப் பரிசு, முன்பின் அறியாத கோடீசுவரர் ஒருவரின் மரணசாசனம் ஆகியன குவிந்துகிடக்க, அவற்றிடையே நமக்குரிய மடலைத் தேடவேண்டியிருக்கின்றது. ஆங்கிலத்தார் இவற்றை ஸ்பாம் என்பர். அது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தகரத்திலடைத்த இறைச்சியின் பெயர். 1970இல் ஒளிபரப்பான பிரித்தானிய நகைச்சுவைக் காட்சியொன்றில் உணவுக்கடைப் பட்டியலெங்கும் அவ்விறைச்சியே நிறைந்து, பிறர் பேச்சையெல்லாம் அப்பெயரே அமிழ்த்திவிடும். பெயர் வந்த வழி அதுவே. தமிழில் எரிதம் என்று எழுதுவோரும் உளர். எனக்கோ ‘வேண்டா மடல்’ என்பதே உவப்பு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இத்துணைப் பொருத்தமாய் அமையும் இடம் அரிது.

இதன் வேர் ஆழமானது. 1975 நவம்பரிலேயே, வேண்டாத செய்தியைத் தெரிந்து மறுக்கும் வழி வலையமைப்பில் இல்லையென்று ஜோன் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதிவைத்தார். 1978 மே 3ஆம் நாள் கணினி விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். 1982இல் போஸ்டல் வகுத்த அஞ்சல் விதிமுறையிலும் அனுப்புநர் உண்மையில் யாரெனச் சோதிக்கும் ஏற்பாடு இல்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர் கூட்டத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் ஒட்டுப்போட்டாற்போற் சேர்த்த சோதனைகள், மடல் எவ்விடத்திலிருந்து புறப்பட்டதென்று காட்டுமேயன்றி எழுதியவரின் நோக்கத்தைக் காட்டா.

ஆகவே, இயந்திரம் மடலையே படித்துத் தீர்ப்புக் கூறத் தலைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தோமஸ் பேய்ஸ் என்னும் சமயகுருவின் நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டு, போல் கிரஹாம் என்பார் 2002இல் ஒரு முறையை விளக்கினார். ஒவ்வொரு சொல்லும் நல்ல மடல்களில் எத்தனை முறை, தீயவற்றில் எத்தனை முறை வந்ததென எண்ணி, மிகத் தெளிவான சான்று தரும் 15 சொற்களைக்கொண்டு முடிவுசெய்வது அம்முறை. சொல்லைச் சூழலோடு வைத்துப் பொருள்கொள்ளப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆயினும் பெரும்பாலும் பலித்தது.

பலியாத இடமே கொடிது. முன்னாள் மாணவி ஒருத்தி, வெளிநாட்டு உதவித்தொகைக்கு என்னிடம் நற்சான்றிதழ் வேண்டி எழுதியிருந்தாள். புதிய முகவரி, பணம் பற்றிய பேச்சு, ‘அவசரம்’ என்ற தலைப்பு, இரண்டு இணைப்புகள். மடல் வேண்டா மடற் பெட்டிக்குள் தள்ளப்பட்டது. நான் கண்டபோது விண்ணப்ப முடிவுநாள் கழிந்து ஒன்பது நாள். ஆசிரியர் மறுத்துவிட்டார் என்றே அவள் எண்ணியிருந்தாள். நான் விடைத்தாளில் ஒரு புள்ளி குறைத்தாலும் காரணத்தைச் சிவப்பு மையால் எழுதவேண்டும். இந்தப் பரீட்சகர் காரணம் எழுதுவதில்லை.

உள்ளே வந்த பொய் மடலை ஒரு விசையில் அழித்துவிடலாம். வெளியே தள்ளப்பட்ட மெய் மடலோ, வந்ததென்றே தெரியாது. ஜிமெயில் முதலியவற்றில் 30 நாளில் தானாகவே அழிந்தும்போகும். ஆதலின் வாரம் ஒருமுறையேனும் அப்பெட்டியைப் பார்த்து, நல்ல மடலை ‘இது வேண்டா மடலன்று’ எனக் குறித்தல் வேண்டும். இயந்திரம் அதனாற் கற்கும். அறியாதார் மடலிலுள்ள ‘விலகுக’ என்னும் சுட்டியை அழுத்தற்க; இம்முகவரியில் ஆளுண்டு என்று அவர்களுக்கு அறிவித்ததாகும். மாணவர்களுக்கு நான் சொல்வது: தலைப்பில் உங்கள் பெயரையும் பாடசாலையையும் எழுதுங்கள், முதல் மடலில் இணைப்பு வேண்டாம், மூன்று நாளில் மறுமொழி வராவிடின் தொலைபேசியில் அழையுங்கள்.