படுகளத்து மண்ணும் பள்ளிப் பாடமும்

பென்னாகரம் வட்டாரத்தில் பாரதத் திருவிழா நடைபெறும் நாள்களில், பகல் பொழுதில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார். இரவு வந்தால் அதே கதை கூத்தாக எழுந்து நிற்கும். நிறைவு நாளன்று மண்ணால் வடித்த துரியோதனன் கிடக்க, படுகளம் நிகழும். திரௌபதி அம்மன் கூந்தல் முடிவாள். பாரதத்தை ஏட்டில் படித்தவரைவிட, விடிய விடிய விழித்திருந்து இவ்வாறு கண்டும் கேட்டும் அறிந்தவர்களே நம் ஊர்ப் பெரியோரில் மிகுதி.

அந்தக் கூத்தை அடுத்த தலைமுறைக்கு யார் கற்பிப்பது? இவ்வினாவிற்குக் காஞ்சிபுரம் பக்கம் ஒரு விடை தேடப்பட்டது. வட மாவட்டங்களில் இக்கலைக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவற்றை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்து அணிவதால் வந்த பெயர் அது. பரம்பரைக் கூத்துக் கலைஞரான பெ. இராஜகோபால், சிறுவராயிருக்கும்போதே தந்தையாரின் குழுவில் ஆடத் தொடங்கியவர். அவரும் பிற கலைஞர்களும் சேர்ந்து 1990-ஆம் ஆண்டு கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். நெதர்லாந்து நாட்டிலிருந்து ஆய்வு செய்ய வந்த ஹன்னே டி புருயின் அம்மையார் அவருக்குத் துணைவியாராகவும், இப்பணியில் உடனுழைப்பவராகவும் அமைந்தார்.

கலைஞரும் ஆய்வாளரும் கைகோத்ததன் பயன் விரைவிலேயே தெரிந்தது. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் ‘கர்ண மோட்சம்’ கூத்து, அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1998-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வாயிலாக நூலாயிற்று. துக்கம் நிகழ்ந்த வீடுகளில் இறந்தவர் நற்கதி பெறவேண்டி ஆடப்படும் கதை அது. வாத்தியார்களின் நினைவிலும் கைப்பிரதிகளிலும் இருந்த ஒன்று, உலகில் எந்த மாணவரும் எடுத்துப் படிக்கத்தக்க பாடமாக மாறியது.

எனினும் அச்சிட்ட நூலால் மட்டும் கூத்து வந்துவிடாது. திரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடி வெளிப்படும் வேடக்காரன் முகவீணையின் சுருதியை எங்கே பற்ற வேண்டும், கட்டியக்காரன் எந்த நொடியில் குறுக்கே புகவேண்டும் என்பன அருகிருந்தே பயில வேண்டியவை. அப்படிப் பயிலப் புறப்பட்ட பிள்ளை இரவெல்லாம் ஆடிவிட்டுக் காலையில் பள்ளியில் எவ்வாறு விழித்திருக்கும்? கலையா, கல்வியா என்ற இந்த இழுபறியில் படிப்பை இழந்த சிறுவர்கள் பலர். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் இதற்காகவே எழுந்தது. பிள்ளைகள் தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் ஒருங்கே கற்றனர். ஆண்களே பெண் வேடம் புனைந்து வந்த அரங்கில், சிறுமியரும் கட்டை கட்டினர். கர்நாடக இசைக் கலைஞர்களான டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் இக்கலைஞர்களோடு இணைந்து ஒரே மேடையில் பாரதக் கதை நிகழ்த்தினர். கச்சேரி மேடையும் களரியும் சமமாக நின்ற காட்சி அது.

குருகுலம் 2020-இல் நிறைவுற்றது. பதினெட்டு ஆண்டுகள்! பாரதப் போர் பதினெட்டு நாள் என்பது அன்பர்களுக்கு நினைவு வரலாம். பள்ளி மூடியது இழப்புதான். ஆயினும் அங்கே உருவான முறை மூடிவிடவில்லை, கற்றவர்கள் ஆடுகிறார்கள்.

பென்னாகரம் பகுதிக்கு இத்தகைய பெருநிறுவனம் உடனே வாய்க்காமல் போகலாம். ஆனால் கோயில் நிர்வாகக் குழு, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், கூத்து வாத்தியார் ஆகிய மூவர் ஒரு திருவிழாக் காலத்தில் சேர்ந்து அமர்ந்தாலே தொடக்கமாகும். வாத்தியாரின் பழைய நோட்டுகளைப் படியெடுக்கலாம்; பாட்டுகளை அவர் குரலிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். அந்த உழைப்புக்கு உரிய சன்மானத்தைத் திருவிழாச் செலவிலேயே சேர்த்து எழுதிவிடுவது முறை. கலைஞரிடம் இலவசமாகக் கேட்டு வாங்குவது அழகன்று. ஐம்பது ஆண்டுகளாக முன்வரிசையில் அமர்ந்து கூத்துப் பார்த்த மூத்தோருக்கும் இதில் வேலை உண்டு. நோட்டில் விடுபட்ட அடி எது, அந்நாளில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது பாடிய பாட்டு எது என்று எடுத்துச் சொல்ல அவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?