இரண்டு எறிகளுக்கு இடையே பன்னிரண்டு ஆண்டுகள்

வடநாட்டில் வாழும் நம் நேயர்களில் சிலர் டில்லியிலிருந்து பிகானீர்ப் பக்கமாக இரயிலில் சென்றிருக்கக்கூடும். அவ்வழியில் சூரு என்றோர் ஊர் வரும். கோடையில் அங்கே வெப்பம் 50 பாகையையும் தொட்டுவிடும். மார்கழி, தை மாதங்களிலோ இரவில் நீர் உறையுமளவுக்குக் குளிர் வாட்டும். மணலும் முள்மரங்களும் நிறைந்த அந்தச் சூரு மாவட்டத்தில் 1981-ஆம் ஆண்டு பிறந்தவர் தேவேந்திர ஜஜாரியா. ஈட்டி எறிதலில் அவர் கண்ட வெற்றிகளையும், அவ்வெற்றிகளுக்கு நடுவே அவர் காத்துக் கிடந்த காலத்தையும் பற்றிச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம். (அவருடைய குடிப்பெயரின் முதலெழுத்தை வடநாட்டார் மூச்சை அழுத்தி ஒலிப்பர். அதைக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. அண்டை வீட்டாரைக் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லிக் காட்டுவார்கள்.)

எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் அவர் மரமேறினார். கிளைகளினூடே சென்ற மின்கம்பியில் கை பட்டது. உயிர் பிழைத்தது, ஆனால் இடது கையை மருத்துவர்கள் வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று.

ஈட்டியை எறிவது வலக்கைதானே, இடக்கை இல்லாவிட்டால் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். இப்போட்டியின் நுட்பத்தைச் சற்றே நோக்கினால் அவ்வெண்ணம் மாறிவிடும். ஆடவர் எறியும் ஈட்டியின் எடை 800 கிராம். நீளம் இரண்டரை மீட்டருக்கும் சற்று அதிகம். வீரர் அதைத் தோளுக்கு மேல் ஏந்தி ஓடிவருகிறார். ஓட்டத்தின் கடைசி அடிகளில் உடலைப் பக்கவாட்டில் திருப்பிக் கால் மாற்றி வைக்கிறார். அப்போது வலக்கை பின்னே நீண்டிருக்கும். இடக்கை அதற்கு எதிர்நிறையாக முன்னே நீண்டிருக்கும். இடக்காலை ஊன்றும் கணத்தில் அந்த இடக்கையை வெடுக்கென்று மார்போடு இழுத்து, உடலின் இடப்பக்கத்தை அசையாமல் நிறுத்துகிறார். இடப்பக்கம் நின்றுவிடவே, ஓடிவந்த வேகம் முழுவதும் வலத்தோளில் பாய்ந்து ஈட்டியில் ஏறுகிறது. திறக்கும் கதவுக்குக் கீல் எப்படியோ, எறியும் வீரருக்கு இடப்பக்கம் அப்படி. ஆகவே இடக்கை இழந்தவர் நிறையை வேறு வகையில் சமன் செய்யக் கற்றாக வேண்டும். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் எறி செல்லாது என்னும் விதியோ அவருக்கும் மற்றவருக்கும் ஒன்றே.

1997-இல் பள்ளி விளையாட்டுப் போட்டி ஒன்றில் அவரைக் கண்ட பயிற்சியாளர் ஆர். டி. சிங் அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். 2002-இல் தென்கொரியாவின் பூசான் நகரில் நடந்த ஆசிய பசிபிக் ஊனமுற்றோர் பந்தயங்களில் தங்கம் கிடைத்தது. ஈராண்டு கழித்து ஆதன்ஸ் பாராலிம்பிக். அங்கே அவர் எறிந்த ஈட்டி 62.15 மீட்டர் சென்று விழுந்தது. அதற்கு முன்பிருந்த உலக சாதனை 59.77 மீட்டர். அப்போது அவருக்கு வயது 23. பாராலிம்பிக் பந்தயங்களில் இந்தியாவுக்கு அதற்கு முன் கிடைத்திருந்த தங்கம் ஒன்றே ஒன்று. 1972-இல் ஹைடல்பர்க் நகரில் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் பெற்றது. முதல் தங்கத்துக்கும் இரண்டாம் தங்கத்துக்கும் இடையே 32 ஆண்டுகள்!

இனித்தான் நம் கதையின் நடுப்பகுதி வருகிறது. பாராலிம்பிக்கில் வீரர்களை உடற்குறையின் தன்மைக்கேற்ப வகுப்புகளாகப் பிரிப்பர். கண் பார்வையற்றவரையும் கால் இழந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டியிடச் செய்வது நியாயமாகாது அல்லவா? ஒரு கையில் மட்டும் குறையுள்ளவர் எறியும் வகுப்புக்கு எஃப் 46 என்று பெயர். வகுப்புகள் பலவாதலால் ஒவ்வொரு விளையாட்டிலும் எல்லா வகுப்புக்கும் போட்டி வைக்க இயலுவதில்லை. ஒவ்வொரு முறையும் சில சேர்க்கப்படும், சில விடப்படும். அவ்வாறு விடப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வீரர் தோற்கவில்லை, தவறு செய்யவில்லை, விதியை மீறவில்லை. அவர் எறிவதற்குக் களமே இல்லை.

2008-ஆம் ஆண்டுப் பெய்ஜிங் பந்தயத்தில் எஃப் 46 ஈட்டி எறிதல் இடம்பெறவில்லை. அடுத்த முறை வரும் என்று ஜஜாரியா காத்திருந்தார். 2012-இல் இலண்டனிலும் அது இல்லை. அவ்வாண்டில்தான் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பட்டம் உண்டு, பந்தயம் இல்லை என்னும் விந்தையான நிலை! விளையாட்டையே விட்டுவிட எண்ணியதாகவும், மனைவியின் சொல்லே தம்மைத் தடுத்ததாகவும் அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஈட்டி வீரருக்கு 27-ஆம் வயதும் 31-ஆம் வயதும் உடல் வலிமை முதிர்ந்து நிற்கும் பருவங்கள். அந்த இரண்டு வாய்ப்புகளும் அவருக்குத் திரும்பி வரப்போவதில்லை. தோல்வியடைந்தவருக்காவது தம் குறை எதுவென்று தெரியும். அதைத் திருத்த முயலலாம். பெயரே அழைக்கப்படாதவர் எதைத் திருத்துவது? அவருடைய பதக்கங்களைவிட இந்த எட்டாண்டுக் கால விடியற்காலைப் பயிற்சிகளே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

2013-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் நடந்த உலகப் போட்டியில் அவர் தங்கம் பெற்றார். 2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் எஃப் 46 மீண்டும் சேர்க்கப்பட்டது. செப்டம்பர் மாதம் ரியோவில் களமிறங்கியபோது அவருக்கு வயது 35. மூன்றாம் எறியில் ஈட்டி 63.97 மீட்டர் சென்றது. தாம் ஆதன்ஸில் நிறுவிய உலக சாதனையைத் தாமே முறியடித்தார். இரண்டாமிடம் பெற்ற சீன வீரர் 60 மீட்டரை எட்டவில்லை. தனிப்போட்டிகளில் இரண்டு பாராலிம்பிக் தங்கம் பெற்ற முதல் இந்தியர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. அதே ரியோவில், சில நாட்களுக்கு முன்புதான், நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றிருந்தார் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ரியோவில் வெண்கலம் பெற்று மூன்றாமவராக நின்றவர் இலங்கையின் தினேஷ் பிரியந்த ஹேரத். டோக்கியோ பாராலிம்பிக் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு 2021-இல் நடந்தபோது அந்த ஹேரத் 67.79 மீட்டர் எறிந்து, புதிய உலக சாதனையோடு தம் நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். ஜஜாரியா 64.35 மீட்டருடன் வெள்ளி பெற்றார். ரியோவில் தங்கம் வாங்கித் தந்த எறியைவிட இது நீளமானது என்பதைக் கவனிக்க வேண்டும். 40 வயதில் அவர் முன்னிலும் நன்றாகவே எறிந்தார். மற்றவர்கள் அதனினும் நன்றாக எறியக் கற்றுவிட்டார்கள். மூன்றாமிடமும் இந்தியாவுக்கே கிடைத்தது. 64.01 மீட்டர் எறிந்து அதைப் பெற்றவர் சுந்தர் சிங் குர்ஜர், அவரும் ராஜஸ்தானத்துக்காரர்.

2022-இல் ஜஜாரியாவுக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியப் பாராலிம்பிக் கழகத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு பாரிஸ் பந்தயத்தில் எஃப் 46 ஈட்டி எறிதல் நடந்தது. கியூபா நாட்டு வீரர் ஒருவர் தங்கம் பெற, அஜீத் சிங் 65.62 மீட்டருடன் வெள்ளியும், சுந்தர் சிங் குர்ஜர் மீண்டும் வெண்கலமும் பெற்றனர். ஜஜாரியா இம்முறை ஈட்டி ஏந்தவில்லை. அவ்விருவரையும் பாரிசுக்கு அனுப்பிவைத்த கழகத்தின் தலைவராக இருந்தார்.