ராபர்ட் ஸ்மால்ஸ்: கப்பலோடு தப்பிய அடிமை

ராபர்ட் ஸ்மால்ஸ் (1839–1915) அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது எதிரியின் கப்பலைக் கடத்தி விடுதலை பெற்ற கறுப்பின மாலுமி. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். தென் கரோலினாவின் போஃபர்ட் நகரில் அடிமையாகப் பிறந்தார். 12 வயதில் சார்ல்ஸ்டனுக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார். உழைப்பு அவருடையது, கூலியின் பெரும்பகுதி எஜமானருக்கு. மனைவி ஹன்னாவின் விடுதலைக்குக் கேட்கப்பட்ட விலை 800 டாலர். அவரால் சேர்க்க முடிந்தது ஏறத்தாழ 100 டாலர்தான்.

போர் மூண்டபோது, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலில் அவர் சுக்கான் பிடித்தார். வழிகாட்டும் மாலுமிக்குரிய வேலைதான். ஆனால் அந்தப் பட்டத்தைக் கறுப்பினத்தவருக்குக் கொடுப்பதில்லை.

1862 மே 12 இரவு வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரைக்குச் சென்றுவிட்டனர். மறுநாள் விடியுமுன் ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பி, வேறொரு துறையில் காத்திருந்த தம் குடும்பத்தாரையும் தோழர்களின் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே நின்றார். கோட்டைகளைக் கடக்கும்போது உரிய ஊதல் சமிக்ஞைகளைத் தவறாமல் கொடுத்தார். சம்டர் கோட்டையின் பீரங்கி எல்லையைத் தாண்டியதும் வெள்ளைப் படுக்கை விரிப்பு கொடியாக ஏறியது. அதைக் கண்ட பிறகே, சுடத் தயாராக இருந்த வடபகுதிக் கப்பல் பீரங்கிகளைத் தணித்தது.

கப்பலில் பீரங்கிகள் இருந்தன. ஆயினும் அவற்றைவிடப் பயன்பட்டது, கடற்கரைக் காவலைப் பற்றி ஸ்மால்ஸ் அறிந்திருந்த செய்திகளே. பரிசாக அவருக்கு 1,500 டாலர் கிடைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் வாஷிங்டன் சென்று, கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்குமாறு கேட்டவர்களுள் ஒருவரானார். அம்மாதமே போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டன் தென் கரோலினாவில் 5,000 பேர் வரை சேர்க்க அனுமதி அளித்தார். அடிமைகளின் விடுதலையை மேலிருந்து இறங்கிய வரமாக மட்டும் சொல்லும் வரலாறுகளில் இந்த இடம் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

தாம் அடிமையாக இருந்த எஜமானரின் வீட்டையே, வரிபாக்கிக்காக விற்கப்பட்டபோது அவர் வாங்கினார். 1868-இல் மாநில அரசியலமைப்பு மாநாட்டில் அனைவருக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டுமென வாதாடினார். 1875-க்கும் 1887-க்கும் இடையில் பல முறை நாடாளுமன்றத்தில் பணியாற்றினார்.

ஆனால் 1895-இல் அதே மாநிலம் புதிய அரசியலமைப்பை எழுதியது. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதே அதன் நோக்கம். மாநாட்டில் இருந்த கறுப்பினப் பேராளர்கள் ஆறு பேர் மட்டுமே. ஸ்மால்ஸ் எதிர்த்துப் பேசினார், பயனில்லை. 1915-இல் போஃபர்ட்டில் அவர் காலமானபோது, போரில் வென்ற வாக்குரிமை அவருடைய மக்களுக்கு ஏட்டளவில்தான் இருந்தது.

தென் மாநிலப் படை வெற்றிபெற்ற சான்சலர்ஸ்வில் போரின் பெயரைத் தாங்கியிருந்த அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு, 2023-இல் ராபர்ட் ஸ்மால்ஸின் பெயர் சூட்டப்பட்டது.