நிகழ்நேர இயக்கத் தொகுதியில் குறுக்கீடு: பொருளும் சொல்லும்

1. முன்னுரை

ஐதராபாத்தின் சனத்நகர் வழியே செல்லும் செகந்தராபாத் – வாடி இருப்புப்பாதையில், லிங்கம்பள்ளி – விகாராபாத் பிரிவில், 2022 மார்ச் 4 அன்று ‘கவச்’ என்னும் மோதல் தடுப்பு அமைப்பு சோதிக்கப்பட்டது. அதே பாதையிலிருந்த மற்றோர் எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்பாகவே எஞ்சின் தானாக நின்றது. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 44 மீட்டர் கடக்கும். இத்தகைய சூழலில் காலந்தாழ்ந்து வரும் சரியான விடையும் பிழையான விடையே. ‘நிகழ்நேரம்’ என்பது விரைவைக் குறிப்பதன்று. குறித்த கெடுவுக்குள் பணி முடியும் என்னும் உறுதியைக் குறிப்பது. ‘உண்மை நேரம்’ என்னும் நேர்பெயர்ப்பு இக்கருத்தைத் தருவதில்லை.

2. குறுக்கீடு நிகழும் முறை

உணர்வி, வானொலிக் கருவி, கடிகாரம் முதலிய வன்பொருள்கள் தம்மிடம் செய்தி உள்ளதென மின்குறிப்பு அனுப்புகின்றன. செயலி தான் செய்துகொண்டிருக்கும் பணியின் நிலையைச் சேமித்துவைத்து, அக்குறிப்பிற்குரிய கையாளி நிரலுக்குச் செல்கிறது. கையாளி முடிந்தபின் பழைய பணி விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆயின், அதனினும் முன்னுரிமை மிக்க பணி ஒன்று இதற்குள் விழித்திருப்பின், கருவகம் அதனையே முதலில் இயக்கும்.

கையாளி நீண்டால் பிற குறுக்கீடுகள் காத்திருக்க நேரும். எனவே அதனை இரண்டாகப் பிரிப்பர். உடனடியாகச் செய்ய வேண்டியது முதற்பகுதி. எஞ்சியது, பின்னர் முறைப்படி இயங்கும் பணி. லினக்ஸ் கருவகத்தில் கையாளியைத் தனி இழையாக இயக்கும் வசதி 2009இல் சேர்ந்தது. முழுமையான நிகழ்நேர வசதி 2024இல் 6.12ஆம் பதிப்பின் மூல நிரலில் இடம்பெற்றது.

3. சொற்பொருட் சிக்கல்கள்

(அ) குறுக்கிடு, இடைமறி: ‘பேச்சில் குறுக்கிட்டார்’ என முன்னது இடவேற்றுமையை ஏற்கும், ‘வண்டியை இடைமறித்தார்’ எனப் பின்னது செயப்படுபொருளை ஏற்று, அதன் போக்கை நிறுத்திவிடுவதையும் உணர்த்தும். நிறுத்தப்பட்ட பணி மீளத் தொடர்வதால் ‘குறுக்கீடு’ என்பதே பொருந்துவது.

(ஆ) தடுத்தல்: கருவகம் தன் உள்தரவைத் திருத்தும் சிறுபொழுதில் குறுக்கீடுகளை ஏற்பதில்லை. இதனைத் ‘தடுத்தல்’ என எழுதினால் வேண்டுகை மறுக்கப்பட்டதாகப் பொருள்படும். உண்மையில் அவ்வேண்டுகை பெரும்பாலும் வன்பொருளில் நிலுவையாகப் பதிந்து, பின்னர் ஏற்கப்படுகிறது. எனவே ‘நிறுத்திவைத்தல்’ என்பதே தகும். எனினும் நிலுவைப் பதிவு பொதுவாக ஒரு குறிக்கு ஓரிடமே உடையது. அதற்குள் இருமுறை வந்த குறிப்பு ஒன்றாகவே எண்ணப்படலாம். ஆகவே ‘வரிசையில் நிற்றல்’ என்பதும் தவறாகும்.

(இ) தாமதம்: குறிப்பு எழுந்ததற்கும் கையாளி தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலத்தை ‘உள்ளுறை’ எனப் பெயர்த்தல் பொருந்தாது, அச்சொல் மறைந்திருத்தலையே சுட்டும். ‘ஏற்புத் தாமதம்’ எனலாம். நிகழ்நேர அமைப்பில் இதன் சராசரியைவிட மிகைவரம்பே முதன்மையானது. மூலத்தில் ‘அதிகபட்சம்’ என்னும் அடை இருப்பின் அதனை விட்டுவிடுதல் பொருளையே மாற்றிவிடும்.

4. முடிவுரை

கலைச்சொல்லின் தகுதியை அகராதிப் பொருளால் மட்டும் அளத்தல் போதாது. அச்சொல் ஏற்கும் வேற்றுமை, வினையின் விளைவு, வினை நிகழ்ந்தபின் எஞ்சும் நிலை ஆகியவற்றையும் கருவியின் செயலோடு ஒப்பிட வேண்டும். ‘தடுத்தல்’, ‘நிறுத்திவைத்தல்’ ஆகியவற்றிடையே உள்ள வேறுபாடு, கையேட்டைப் படித்து நிரல் எழுதுவோர் வந்த குறிப்பு இழக்கப்பட்டதெனக் கொள்வரா, காத்திருக்கிறதெனக் கொள்வரா என்பதை முடிவு செய்கிறது.