பாட்டிக்கு எப்படி வேண்டும்?

சிகாகோவிலிருந்து பேரன் வந்து இறங்கினால் ஸ்ரீரங்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் அக்காரவடிசல், ஒரு நாள் வற்றல் குழம்பு, ஒரு நாள் பருப்புத் துவையல் என்று பாட்டி அடுப்படியை விட்டு நகரவே மாட்டாள். வடக்கு உத்தர வீதியில் என் பெரியம்மா வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் பையன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"பாட்டி, வெள்ளிக்கிழமை உனக்கு 75 பொறக்கறது. அன்னிக்கு நீ தளிகை பண்ணக் கூடாது. திருச்சியில பெரிய ஹோட்டல்ல ராத்திரிச் சாப்பாடு. டேபிள் சொல்லியாச்சு!"

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்றாள் பெரியம்மா.

இந்த வாக்கியத்துக்கு நம் வீடுகளில் ஏழெட்டு அர்த்தம் உண்டு. எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை, நான் உள்பட. மன்னிக்கு வேறு கவலை. மாமிசம் சமைக்கிற இடமாயிற்றே, பாத்திரம் தனியா, அடுப்பு தனியா? பையன் புத்திசாலி. முன்கூட்டியே டெலிபோனில் கேட்டு வைத்திருந்தான். சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இப்படி முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது. மேஜையில் உட்கார்ந்த பிறகு சர்வரைக் குறுக்கு விசாரணை செய்தால் அவருக்கும் சங்கடம், நமக்கும் பாதிப் பசி போய்விடும்.

கார் காவிரிப் பாலத்தில் ஏறியதும் பெரியப்பா பேச ஆரம்பித்தார். அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்து அந்த ஒர்க்‌ஷாப் 1928-ல் பொன்மலைக்கு வந்த கதையில் தொடங்கினார் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சவுத் இந்தியன் ரயில்வேயின் ஸ்டேஷன்களில் சாப்பாட்டு அறை ஒன்றல்ல. பிராமணர்களுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி. சுயமரியாதை இயக்கத்தார் விடாமல் எதிர்த்த பிறகு 1941-ல்தான் அந்தப் பிரிவினை போயிற்று. ஊருக்குள் ஹோட்டல் போர்டுகளில் அது இன்னும் பல வருஷம் இருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 1957-ல் நடந்த மறியல் பெரியவர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் ஒரே ஹாலில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது நாம் நினைப்பது போல் ரொம்பப் பழைய சமாசாரம் அல்ல.

"எங்களுக்கு அதுலயும் ஒரு திரை இருந்தது" என்றாள் பெரியம்மா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

'பேமிலி ரூம்' தான்! கல்யாணமான புதிதில் மெயின் கார்டு கேட் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் பெரியப்பா அழைத்துப் போனாராம். பலகைத் தடுப்பு, அழுக்கு நீலத் திரை. உள்ளே போய் உட்கார்ந்தால் திரைக்கு அடியில் சர்வரின் பாதம் மட்டும் தெரியும். என்ன வேண்டும் என்று அந்தப் பாதம் கேட்கும். பெரியப்பா பதில் சொல்வார். அவ்வளவுதான் பெரியம்மாவின் ஹோட்டல் அனுபவம்.

கண்டோன்மெண்ட் ஹோட்டலில் திரை இல்லை. வெள்ளை விரிப்பு, மடித்து நிறுத்திய துணி, மெழுகுவர்த்தி போல் எரிகிற மின்சார விளக்கு. தோல் அட்டை போட்ட உணவுப் பட்டியலை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். பெரியம்மா இடது பக்கத்தைப் பார்க்கவில்லை. வலது பக்கத்து விலைகளை மட்டும் மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

"அம்மாவுக்கு என்ன கொண்டு வரட்டும்?" என்றார் சர்வர்.

"அவளுக்குக் காரம் ஆகாது" என்றார் பெரியப்பா. "தயிர் சாதம் இருந்தா போதும்" என்றார் அண்ணா. "அம்மா ராத்திரி ஜாஸ்தி சாப்பிட மாட்டா" என்றாள் மன்னி. "ஒரு சூப் சொல்லலாமே" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். சர்வர் எங்கள் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியம்மா எங்களைப் பார்க்கவே இல்லை. அவள் காது பக்கத்து மேஜையில் இருந்தது.

அங்கே ஒரு வெளிநாட்டுக்காரர் தனியாக உட்கார்ந்து ஆட்டிறைச்சி ஸ்டேக் கேட்டிருந்தார். அவரிடம் இன்னொரு சர்வர் குனிந்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா கேக்கறான் அவரை, இத்தனை நாழியா?"

"எந்தப் பக்குவத்துல வேணும்னு கேக்கறான், பாட்டி."

சிகாகோவில் அவன் ஆபீசில் நல்லது கெட்டது எதுவானாலும் ஸ்டேக் ஹவுஸில்தான் விருந்து. இவன் அங்கே உருளைக்கிழங்கும் மசித்த கீரையும் தின்றுவிட்டு மற்றவர்களுக்குச் சமமாகப் பணம் கொடுத்துவிட்டு வருகிறவன்! ஆனாலும் கவனித்திருக்கிறான். துண்டத்தின் நடுவில் 50 டிகிரி சூட்டில் எடுத்தால் 'ரேர்', உள்ளே நல்ல சிவப்பு. 55 வாக்கில் 'மீடியம் ரேர்'. 60 என்றால் 'மீடியம்'. 70-ஐத் தாண்டினால் 'வெல் டன்', சிவப்பே இராது. சாப்பிடுகிறவர் சொல்லாமல் சமையல்காரர் அடுப்பில் போட மாட்டார். உயர்ந்த இடங்களில் இறைச்சியை உறைநிலைக்குச் சற்று மேலான குளிர் அறையில் 3, 4 வாரம் தொங்கவிட்டு வைக்கிறார்கள்; ஈரம் வற்றி ருசி இறுகுகிறது, சதையும் மிருதுவாகிறது. அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டுவதில்லை. சில நிமிஷம் அப்படியே விடுகிறார்கள். இல்லாவிட்டால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும்.

மன்னி முகத்தைச் சுளித்தாள். பெரியம்மா சுளிக்கவில்லை. "பொங்கலையும் இறக்கின கையோட கிளறப் படாதுடா. அதே கணக்குதான்" என்றாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அடுப்படியில் நின்றவளுக்குப் பண்டம் அந்நியமாக இருந்தாலும் தொழில் புரிந்தது.

பெரியப்பா தம் பங்குக்கு, பொன்மலை ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் 'பெப்பர் ஸ்டேக்' எத்தனையோ காலமாக உண்டு என்றார்.

எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. நியூயார்க்கில் டெல்மோனிகோ என்று ஒரு ஹோட்டல். தன் பெயரிலேயே ஒரு ஸ்டேக்கை உலகத்துக்குக் கொடுத்தது. 1868-ல் அங்கே பத்திரிகைக்காரர்கள் சேர்ந்து நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு விருந்து வைத்தார்கள். ஜேன் கன்னிங்ஹாம் குரோலி என்ற பெண் பத்திரிகையாளருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. 'சொரோசிஸ்' என்று பெண்களுக்கே ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். ஆண் துணை இல்லாமல் அந்தப் பெண்கள் அதே டெல்மோனிகோவில், அதே ஏப்ரல் மாதத்தில், உட்கார்ந்து பகல் விருந்து சாப்பிட்டார்கள். நீலத் திரையைப் பற்றிப் பெரியம்மா சொன்ன பிறகு, அமெரிக்கா அத்தனை தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

"அது சரி, பாட்டி, உனக்குத் தோசை எப்படி வேணும்?" என்றான் பையன் திடீரென்று. விளையாட்டாகத்தான் கேட்டான்.

பெரியம்மா விரலை மடக்கினாள். "தாத்தாவுக்கு மெத்துனு, ரெண்டு பக்கமும் திருப்பிப் போடணும். உங்கப்பாவுக்கு முறுகல். உங்கம்மாவுக்கு எண்ணெய் படப் படாது. உனக்கு நெய்யும் பொடியும்."

"உனக்கு?"

"கடைசி மாவு எப்படி வர்றதோ, அப்படி."

சர்வர் இன்னும் பென்சிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். சற்று நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மாதான் முதலில் பேசினாள். "நீ அங்கே திங்கறியாமே அந்த உருளைக்கிழங்கு, அதைக் கொண்டு வரச் சொல்லு. என்னதான் இருக்கு பார்க்கலாம்."

முழுக் கிழங்கைச் சுட்டு, நடுவில் பிளந்து, வெண்ணெய் வைத்துக் கொண்டு வந்தார்கள். முள்கரண்டியை இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு ஸ்பூனுக்கு மாறினாள். ஒரு துளி மீதி வைக்கவில்லை. வெண்ணெய் அசல் வெண்ணெய்தான் என்று தீர்ப்பும் சொன்னாள்.

பில் வந்ததும் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கணக்குப் பிரிவு அல்லவா! சாதாரண ஹோட்டல்களில் வரி 5 சதவிகிதம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற அறைகள் உள்ள ஹோட்டல்களில் 18. இது தவிர 'சர்வீஸ் சார்ஜ்' என்று தாமாகச் சேர்த்துவிடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொல்லியிருக்கிறது. டில்லி ஹைகோர்ட்டும் 2025-ல் அதை உறுதி செய்தது. அப்படி எதுவும் சேர்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பென்சிலும் கையுமாக நின்ற அந்த மனிதருக்குத் தாராளமாகவே இனாம் வைத்தார்.

மறுநாள் பையன் யாரையும் கலக்கவில்லை. பாட்டியைத் திருவானைக்காவலுக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டான். பெரியப்பாவும் நானும் தொற்றிக்கொண்டோம். பார்த்தசாரதி விலாஸ் 1943-லிருந்து இருக்கிறது; நெய் ரோஸ்டுக்குப் பேர் போன இடம். வெள்ளை விரிப்பும் இல்லை, மின்சார மெழுகுவர்த்தியும் இல்லை. சர்வர் வந்தார். பேரன் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா திறக்கப் போனார். அவன் அவர் கையைப் பிடித்து அமுக்கினான்.

"ஒரு நெய் ரோஸ்ட்" என்றாள் பெரியம்மா. "ஓரம் நன்னா சிவக்கணும். நடுவுல மெத்துனு இருக்கப் படாது. சட்னி மட்டும் போதும், சாம்பார் வேண்டாம்."

சர்வர் போய்விட்டார். பெரியப்பா என் பக்கம் சாய்ந்து, "இவளுக்குச் சாம்பார் பிடிக்காதா?" என்று ரகசியமாகக் கேட்டார்.