ஹார்ன் ஏன் வாய் மூடியது?

ஆப்பரா என்னும் மேல்நாட்டு இசை நாடகத்தை நடத்துபவரின் எதிரே தடித்த புத்தகம் ஒன்று விரித்து வைக்கப்பட்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதுதான் 'ஸ்கோர்'. வயலின், குழல், ஹார்ன், பாடகர் என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேலிருந்து கீழாகப் பார்த்தால், ஒரு கணத்தில் யார் யார் என்ன ஒலிக்கிறார்கள் என்பது விளங்கும்.

இத்தாலியரான ரோசினியின் 'செவில் நகரத்து நாவிதன்' 1816 பிப்ரவரி 20 அன்று ரோம் நகரில் முதன்முதலாக மேடையேறியது. அதன் பழைய ஸ்கோர் மறு அச்சாக வந்துள்ளது. அதைப் புரட்டினால் இரண்டு விந்தைகள் கண்ணில் படும். வயலினுக்கு நான்கு 'ஷார்ப்' குறிகள் இட்டிருக்கும் இடத்திலும் ஹார்னுக்கு ஒரு குறியும் இராது. பாட்டு மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஹார்ன் ஓரிரு சுரங்களை ஒலித்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். ரோசினிக்கு ஹார்ன் பிடிக்காதோ?

காரணம் குழாயில் இருக்கிறது. அந்நாளைய ஹார்ன் சுருட்டி வைத்த வெறும் பித்தளைக் குழாய்தான். விரல் வைக்கத் துளையோ வால்வோ கிடையாது. 'மி' சுருதி ஹார்னின் நீளம் சுமார் 4 மீட்டர். அதன் காற்றுத் தம்பத்தின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். உதட்டின் இறுக்கத்தை மாற்றி ஊதினால் 82, 123, 164, 205, 246 என்று அதன் முழு மடங்குகள் மட்டுமே எழும். (உதடு அடைத்த முனையாயிற்றே, ஒற்றைப்படை மடங்குகள்தானே வரவேண்டும் என்று கேட்பவருக்குச் சபாஷ்! வாய்முனையின் அமைப்பும் விரிந்த வாயும் சேர்ந்துதான் அந்தக் கணக்கை மாற்றிவிடுகின்றன.)

4, 5, 6-வது மடங்குகள் நம் ஸ, க, ப. 7-வது சற்றே சுருதி குறைந்தது. 8-வது மேல் ஸ. ஏழு சுரங்கள் வேண்டிய இடத்தில் மூன்று, நான்குதான் கிடைக்கின்றன! வாய்க்குள் கையைச் செருகி இடைச் சுரங்களை எழுப்பலாம். ஆனால் ஒலி மங்கிவிடும். ஆகவே குழாயில் இல்லாத சுரம் வரும்போது ஹார்ன் வாய் மூடியது.

சுருதி மாறினால் வேறு நீளமுள்ள வளையத்தைச் செருகிக்கொள்வார்கள். எந்த வளையமானாலும் மடங்குகளின் வரிசை ஒன்றுதான். எனவே எல்லாவற்றையும் 'தோ' சுருதிபோலவே எழுதி, 'மி', 'சோல்' என்று வளையத்தின் பெயரை மட்டும் ஓரத்தில் குறித்தார்கள். முதல் விந்தைக்கும் விடை கிடைத்துவிட்டது.

1818-இல் ஜெர்மனியில் வால்வுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. விசையை அழுத்தினால் கூடுதல் குழாய் சேர்ந்துகொள்ளும். இன்றைய ஹார்ன் எந்தச் சுரத்தையும் வாசிக்கும். அப்படியானால் ரோசினி விட்ட இடைவெளிகளை நிரப்பிவிடலாமா? கூடாது என்பேன். அந்த மௌனத்தைக் கணக்கில் கொண்டே அவர் மற்ற வரிகளை எழுதினார். இந்த ஆப்பராவின் அச்சுப் படிகளில் பிற்காலத்தார் கைவைத்த இடங்கள் பல. அல்பெர்த்தோ ஜெத்தா என்பவர், போலோன்யா நகரில் உள்ள ரோசினியின் கையெழுத்துப் படியை ஆதாரமாகக் கொண்டு 1969-இல் திருத்திய பதிப்பை வெளியிட்டார். ஆகவே மறு அச்சு ஒன்று கைக்கு வந்தால், அது எந்தப் பதிப்பின் மறு அச்சு என்று முதலில் பாருங்கள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் 4 மீட்டர் கிடைக்குமா? ஒரு முனையில் புனலைச் செருகுங்கள். மறுமுனையில் உதடுகளை இறுக்கி, 'ப்ர்ர்' என்று அதிரவிட்டு ஊதுங்கள். எத்தனை சுரங்கள் எழுகின்றன? பிறகு குழாயில் அரை மீட்டரை வெட்டிவிட்டு மறுபடி ஊதிப் பாருங்கள். வெட்டுவதற்கு முன் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.